சேரிகளைக் கண்டெழுதிய பத்திரிகையாளர்



கைத்தொழிற் புரட்சி என்றதும் நம் மாணவர் உடனே சொல்வது நீராவி யந்திரம், அடுத்து நூற்கும் யந்திரம், அதற்கடுத்துப் புகைவண்டி. அவற்றை ஆக்கியோர் பெயர்களையும் ஆண்டுகளையும் பிழையின்றி ஒப்புவிப்பார்கள். ஆனால், அந்த யந்திரங்களை ஓட்டியவர்களும், அவை பண்ணிய பொருள்களைத் துறைமுகத்திற் சுமந்தவர்களும் இரவில் எங்கே படுத்தார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்டால் வகுப்பறை மௌனமாகிவிடும். அக்காலத்து அரசாங்க அறிக்கைகளில் மரணக் கணக்கு உண்டு. வடிகாற் கணக்கு உண்டு. அங்கே வாழ்ந்த மனிதரின் பேச்சு மட்டும் அரிதாகவே உண்டு. அந்தப் பேச்சைத் தேடிச்சென்று கேட்டு அச்சேற்றியவர்கள் சில பத்திரிகையாளர்கள். அவர்கள் செய்த பணி யாது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் இரண்டு கேள்விகளையும் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகின்றேன்.

முதலில் இலண்டன் மாநகரை நோக்குவோம். 1801 இல் எடுக்கப்பட்ட முதலாவது குடிசன மதிப்பின்படி அங்கே ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1851 இல் அத்தொகை இருபத்துமூன்று இலட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் சனத்தொகை இரட்டித்தது. எளியவர் வாழத்தக்க வீடுகளோ அவ்வாறு பெருகவில்லை. துறைமுகத்துக் கூலியாள் விடியற்காலையில் வாயிலிலே போய் நின்றால்தான் அன்றைய வேலை கிடைக்கும். ஆதலால், நடந்து செல்லக்கூடிய தூரத்திலேயே அவன் குடியிருக்க வேண்டும். அதே வேளையிற் புகைவண்டி நிலையங்களும் புதிய வீதிகளும் அமைப்பதற்காக ஏழைகளின் தெருக்களே பெரும்பாலும் இடிக்கப்பட்டன. வீடிழந்தோர் தூரம் போக முடியாமல் அடுத்த சந்துக்குட் புகுந்தனர். அங்கே வாடகை ஏறிற்று. ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டில் அறைக்கொரு குடும்பம் குடியேறிற்று. சேரி என்பது தானே முளைத்த காளான் அன்று. நகரின் வளர்ச்சியே அதனை ஆக்கிற்று.

1849 ஆம் ஆண்டில் இலண்டனில் வாந்திபேதி நோய் பரவிப் பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. நோய் கெட்ட காற்றினாற் பரவுகின்றதென்பதே பெரும்பாலோரின் நம்பிக்கை. நீரினாற் பரவுகின்றதென்று ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர் அதே ஆண்டில் எழுதியதை ஏற்றுக்கொண்டோர் மிகச் சிலர். அந்த வேளையில், செப்டெம்பர் 24 ஆம் தேதி, 'மோணிங் குறோனிக்கிள்' என்னும் நாளேட்டில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் ஹென்றி மேஹியூ. 1841 இல் 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை ஏட்டைத் தொடக்கியோருள் ஒருவர் அவர். சிரிக்க வைத்த அந்தப் பேனா இப்போது சிரிப்புக்கு இடமில்லாத ஓரிடத்தை எழுதிற்று.

தேம்ஸ் நதியின் தென்கரையிலே பேர்மண்ட்சி என்னும் பகுதியில், 'யேக்கப் தீவு' என வழங்கிய சேரிக்கு மேஹியூ நேரிற் சென்றார். சுற்றிலும் தேங்கிய வாய்க்கால். அதன்மேல் நீட்டிக் கட்டிய மரத்தளங்கள். மலசலகூடங்கள் அந்த வாய்க்காலுக்கு மேலேயே அமைந்திருந்தன. அதே வாய்க்காலில் வாளியை இறக்கி மக்கள் நீர் மொண்டார்கள். அழுக்கு அடியிற் படியும்வரை வைத்திருந்து பின்னர் அதையே குடித்தார்கள். இதைக் கண்டு முகஞ்சுளித்துத் திரும்பியிருந்தால் அவரும் வழிப்போக்கருள் ஒருவராகவே இருந்திருப்பார். அவர் நின்று கேட்டார்: இந்த நீரையா குடிக்கின்றீர்கள்? வேறு வழியென்ன, நல்ல நீர் ஒரு வாளியை இரந்தோ களவெடுத்தோதான் பெறவேண்டும் என்றார்கள். வீட்டுச் சொந்தக்காரரிடம் குழாய்நீர் கேட்டீர்களா? கேட்டோம், தருகின்றேன், தருகின்றேன் என்கிறார், அவர் சொல்லை நாங்கள் நம்புவதில்லை என்றார்கள். நேயர்களே, இந்தச் சிறு உரையாடலிலே நோயின் காரணம், வறுமையின் காரணம், பொறுப்பாளி யார் என்பது ஆகிய மூன்றும் அடங்கிவிட்டன அல்லவா?

அத்தகைய இடம் உண்டென்பதையே மறுத்தவர்களும் இருந்தனர். சார்ள்ஸ் டிக்கன்ஸ் தம்முடைய 'ஒலிவர் ருவிஸ்ற்' நாவலில் யேக்கப் தீவை முன்னரே வருணித்திருந்தார். இலண்டன் நகரசபைப் பிரமுகர் சேர் பீற்றர் லோறி 1850 இல், அந்தத் தீவு நாவலில் மாத்திரம் உள்ளது என்ற பொருள்படப் பேசினார். டிக்கன்ஸ் அதே ஆண்டு வெளிவந்த பதிப்பின் முன்னுரையில் அவரை எள்ளி மறுமொழி கொடுத்தார். மேல்மாடத்தில் இருப்பவர் கண்ணுக்குக் கீழ்த்தெரு படாமற் போவது வியப்பன்று. ஆனால், தாம் காணாததை இல்லையென்று அதிகாரமுடையோர் சொல்லத் தொடங்கும்போது பத்திரிகையாளனின் நேர்ச் சாட்சியத்துக்கு மதிப்பு பன்மடங்காகின்றது.

அக்கட்டுரையை அடுத்து, 1849 ஒக்டோபர் தொடக்கம் 'உழைப்பும் ஏழைகளும்' என்னும் பெருந்தொடரை அந்தப் பத்திரிகை வெளியிட்டது. கைத்தொழில் மாவட்டங்களுக்கும் நாட்டுப்புறங்களுக்கும் வேறு நிருபர்கள் அனுப்பப்பட்டனர். இலண்டன் மேஹியூவின் பொறுப்பாயிற்று. பட்டு நெசவாளர், துறைமுகக் கூலிகள், ஊசிவேலை செய்து பிழைக்கும் பெண்கள், தையற்காரர் என ஒவ்வொரு தொழிலாக அவர் ஆராய்ந்தார். ஒரு சட்டைக்கு என்ன கூலி, அதில் நூலுக்கும் மெழுகுவர்த்திக்கும் என்ன செலவு, வாரக் கடைசியில் வாடகை போக மிஞ்சுவது என்ன என்று கேட்டுக் கணக்கிட்டார். தொழிலாளரைக் கூட்டங்களாகவும் அழைத்துப் பேசவைத்தார். ஏழைகள் குடியினாலும் சோம்பலினாலும் கெடுகின்றார்கள் என்பது அந்நாளைய வழக்குப் பேச்சு. மேஹியூவின் கணக்குகளோ வேறொன்றைக் காட்டின. கூலி குறைந்தால் வயிற்றுக்காக மனிதர் இன்னும் அதிக நேரம் உழைக்கின்றனர். அவ்வாறு அதிகமாக உழைப்பதனாலே வேலை தேடுவோர் மிகுந்து கூலி மேலும் குறைகின்றது. இது குணக்கேடு அன்று. பொறிக்குள் அகப்பட்டவர் நிலை.

அவர் சந்தித்தவர்களுள் தெருவிற் கீரை விற்கும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி உண்டு. குழந்தையோடு பேசுவதுபோல விளையாட்டுப் பொருள்களையும் பூங்காக்களையும் பற்றிப் பேச்செடுத்தார். அவளோ, சந்தையில் எந்த விலைக்கு எவ்வளவு கீரை வாங்கலாம், ஏமாற்றுபவரிடம் எப்படிப் பேரம் பேசவேண்டும் என்பவற்றை முதியவளைப்போல விளக்கினாள். பூங்கா என்பதை அவள் அறியாள். தன்னைப் போன்றவர்களை அங்கே உள்ளே விடுவார்களா என்று அவரையே திருப்பிக் கேட்டாள். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைச் செலவிட்ட எவர்க்கும் இந்தக் கேள்வி நெஞ்சைத் தைக்கும். மேஹியூ அவளைப்பற்றி இரங்கல் உரை நிகழ்த்தவில்லை. அவள் பேச்சை அவள் வாய்மொழியாகவே எழுதி வைத்தார். அவருடைய பெருமை அதிலேதான் உள்ளது.

உண்மைக்கு விலையும் இருந்தது. கட்டற்ற வாணிபக் கொள்கையை ஆதரித்த அந்தப் பத்திரிகை, அதற்கு மாறாகத் தொழிலாளர் கூறியவற்றை வெட்டிவிடுகின்றதென மேஹியூ குறைகூறினார். பிணக்கு முற்றி 1850 இல் விலகினார். பின்னர் இரண்டு பென்ஸ் விலையில் வாராந்தப் பகுதிகளாகத் தாமே வெளியிடலானார். அச்சுக்காரரோடு ஏற்பட்ட வழக்கினால் அதுவும் இடைநின்றது. 'இலண்டன் உழைப்பும் இலண்டன் ஏழைகளும்' என்னும் நான்கு பாக நூல் 1861, 1862 ஆம் ஆண்டுகளிலேயே முழுமை பெற்றது.

மேஹியூவுக்குப் பின் வந்தவர்கள் வேறு வழிகளைக் கையாண்டார்கள். 1866 சனவரியில் ஜேம்ஸ் கிறீன்வுட் என்னும் நிருபர் நாடோடிபோல வேடம் பூண்டு, இலண்டன் லம்பெத் பகுதியின் ஏழைகள் விடுதியில் ஓரிரவு தங்கினார். பலர் முன்னரே குளித்துக் கலங்கிய நீரில் தாமும் இறங்கிக் குளித்ததையும், குளிர்ந்த தரையில் மனிதர் நெருங்கிக் கிடந்ததையும் 'பெல் மெல் கசெற்' என்னும் ஏட்டில் எழுதினார். ஊரெங்கும் அதுவே பேச்சாயிற்று; ஏட்டின் விற்பனையும் பெருகிற்று. எனினும் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். மேஹியூவின் எழுத்தில் ஏழை பேசுகின்றான்; கிறீன்வுட்டின் எழுத்தில் நிருபர் தம் துணிச்சலைப் பேசுகின்றார். ஒன்று சாட்சி, மற்றது காட்சி. இரண்டும் பயன்படலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

1883 ஒக்டோபரில், அன்றூ மேர்ண்ஸ் என்னும் மதகுருவின் பெயரோடு தொடர்புடைய ஒரு சிறு பிரசுரம் வெளிவந்தது. 'புறந்தள்ளப்பட்ட இலண்டனின் கசந்த குரல்' என்பது அதன் பெயர்ப் பொருள். அதனைப் 'பெல் மெல் கசெற்' ஆசிரியர் டபிள்யூ. ரி. ஸ்ரெட் தம் ஏட்டில் எடுத்துப் பரப்பினார். அடுத்த ஆண்டே தொழிலாளர் வீடுகள் பற்றி விசாரிக்க அரச ஆணைக்குழு அமைந்தது. பட்டத்து இளவரசரும், பழமைக் கட்சித் தலைவர் சோல்ஸ்பரி பிரபுவும், கார்டினல் மானிங்கும் அதில் இருந்தனர். வீட்டுச் சுகாதாரச் சட்டங்கள் ஏற்கெனவே ஏட்டில் இருந்தும் ஏன் நடைமுறைக்கு வரவில்லை என்பதற்கு அக்குழு கண்ட விடைகளுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. கிளாக்கன்வெல் போன்ற இடங்களில், சட்டத்தை நடத்தவேண்டிய உள்ளூர்ச் சபையில் இருந்தவர்களிற் சிலரே, அத்தகைய வீடுகளை வாடகைக்கு விட்டுப் பணம் ஈட்டியவர்கள்! வேலியே பயிரை மேய்ந்தால் காவல் என்ன செய்யும்?

1890 இல் உறுதியான வீடமைப்புச் சட்டம் பிறந்தது. புதிதாகத் தோன்றிய இலண்டன் கவுன்ரி சபை, 'ஓல்ட் நிக்கல்' என்ற கிழக்கு இலண்டன் சேரியை இடித்து, ஒழுங்கான மாடி வீடுகளைக் கட்டிற்று. 1900 இல் அவை திறந்து வைக்கப்பட்டன. இடித்த வீடுகளின் கல்லும் மண்ணும் நடுவே மேடாகக் குவிக்கப்பட்டு ஒரு பூந்தோட்டமாயின. அந்த வீடுகளும் மேடும் இன்றும் இருக்கின்றன. பத்திரிகையாளர் கனவு நனவாயிற்று என்று இங்கே கதையை முடித்துவிடலாம். ஆனால், ஒரு கணக்கு மிஞ்சியிருக்கின்றது. அச்சேரியிலிருந்து அகற்றப்பட்டவர் 5,700 பேருக்கு மேல்; அவர்களிற் புதிய வீடுகளுக்குக் குடிவந்தவர்களாகக் கூறப்படுவோர் வெறும் 11 பேர். புதிய வாடகை அவர்களுக்கு எட்டவில்லை. கட்டி முடியும்வரை காத்திருக்க அவர்களுக்கு இடமும் இல்லை. அண்டைத் தெருக்களின் நெருக்கத்துக்குள் அவர்கள் மறைந்தார்கள். சேரி அழிந்தது, சேரியில் வாழ்ந்தவர் துயர் இடம் பெயர்ந்தது.

இலண்டனிற் பேனா செய்த இப்பணியை அத்திலாந்திக் கடலுக்கப்பால், நியூயோர்க் நகரில் ஒளிப்படக் கருவி தொடர்ந்து செய்தது. அதைக் கையில் ஏந்தியவர் யேக்கப் றீஸ். டென்மார்க் நாட்டிலே பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவருக்கு 1849 இற் பிறந்தவர். தச்சுத் தொழில் பயின்றவர். 1870 இல் அமெரிக்கா சென்று, வேலையின்றி அலைந்து, பொலிஸ் நிலையத்தின் இலவசப் படுக்கை மண்டபத்தில் இரவைக் கழித்தவர். பின்னர் பொலிஸ் செய்தி நிருபராகி, மல்பெரி வீதியில் இருந்துகொண்டு குடியேறிகளின் மாடிச் சேரிகளை இரவு இரவாகக் கண்டவர்.

அந்நகரின் சேரி வேறு வகையானது. ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. முன்னறைக்கும் பின்னறைக்கும் ஓரளவு வெளிச்சம் உண்டு. நடு அறைகளுக்கு யன்னலே இல்லை. 1879 ஆம் ஆண்டுச் சட்டம் யன்னல் வேண்டுமென்றபோது, கட்டடக்காரர் இரு சுவர்களுக்கிடையே ஒடுங்கிய காற்றுக்குழி ஒன்றை விட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அக்குழி குப்பைக் கிடங்காயிற்று. தீப்பிடித்தபோது தீயை மேலே ஏற்றும் புகைபோக்கியாயிற்று. இருண்ட அந்த அறைகளைச் சொல்லால் எழுதியும் பயனில்லையென றீஸ் கவன்றார். 1887 இல் மக்னீசியப் பொடியை எரித்து ஒளி உண்டாக்கிப் படமெடுக்கும் முறை வந்தது. அதனோடு இருட்டறைகளுக்குள் நுழைந்தார். அப்பொடியால் வீட்டுக்குத் தீமூட்டிவிட்டதும், தம் கண்ணைக் கெடுத்துக்கொள்ள இருந்ததும் உண்டு. அப்படங்களை விளக்கொளியால் திரையில் வீழ்த்தி மண்டபங்களிற் பேசினார். 1890 இல் 'மறுபாதியினர் வாழும் வகை' என்னும் நூலை வெளியிட்டார்.

றீஸின் முயற்சிகளுக்குப் பலனும் கிடைத்தது. 1891 இல் நகருக்கு வரும் குறோற்றன் நீரில் அழுக்குக் கலப்பதை அறிந்து, ஓடைகளின் வழியே சென்று படமெடுத்து வெளியிட்டார். மாநகரம் பெரும்பொருள் செலவிட்டுக் கரையோர நிலங்களை வாங்கிற்று. 1896 இல், அவர் நண்பரும் அப்போதைய பொலிஸ் ஆணையாளருமான தியோடர் ரூஸ்வெல்ற் பொலிஸ் நிலையப் படுக்கை மண்டபங்களை மூடினார். 1897 இல் மல்பெரி வளைவு என்ற கொடிய சேரி இருந்த இடத்திற் பூங்கா திறக்கப்பட்டது. ஆனால், யன்னலும் முற்றமும் வீடுதோறும் மலசலகூடமும் புதிய கட்டடங்களுக்கு வேண்டுமென்ற சட்டம் 1901 இலேயே வந்தது. நீர் விடயத்தில் மாநகரம் விரைந்தது. வீட்டு விடயத்திற் பதினொரு ஆண்டு சென்றது. ஏன்? நீர் செல்வர் வீட்டுக்கும் சென்றது. இருட்டறை ஏழைக்கு மட்டுமே உரியது. தனக்கும் தீங்கு வரும் என்றால் உலகம் விரைவில் விழித்துக்கொள்கிறது.

றீஸிடம் குறைகளும் இருந்தன. இத்தாலியர், யூதர், சீனர் என்று இனம் இனமாகப் பிரித்து, அவ்வினங்களுக்கே இழிகுணங்களைச் சாட்டி எழுதினார். உறங்கிக் கிடந்தவர் மீது நள்ளிரவில் திடீரென ஒளி பாய்ச்சிப் படமெடுத்தார். படத்திலுள்ள முகங்கள் திகைத்து நிற்கின்றன, அவை பேசுவதில்லை. மேஹியூவும் இதற்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். தெருமக்களை அலைந்து திரியும் தனிச் சாதிபோல வகுத்தெழுதிய பக்கங்கள் அவர் நூலில் உண்டு. பெரியோரின் பணியைப் போற்றுவது போலவே அவர்தம் எல்லையை அறிவதும் கல்வியின் கடமையாகும்.

அப்படியாயின், நாம் கொள்ளவேண்டிய முடிவு என்ன? வறுமையை வெளிப்படுத்துதல் அரும்பணி, ஐயமில்லை. இல்லை என்று மறுத்தோர் வாயை அது அடைத்தது, ஆணைக்குழுக்களை அமைப்பித்தது, சட்டங்களைப் பிறப்பித்தது. ஆனால், பார்ப்பவரின் அருவருப்பையும் அச்சத்தையும் மட்டும் கிளறிவிட்டால், அவர் வேண்டுவது அந்த அருவருப்பான பொருள் கண்ணெதிரே இல்லாமற் போவதையே. சேரியை இடிப்பது எளிது. அங்கே வாழ்ந்தவர் எங்கே போவார், என்ன வாடகை கொடுப்பார், வேலைக்கு எப்படி நடந்து செல்வார் என்னும் கேள்விகள் அவருக்குத் தோன்றுவதில்லை. அவற்றை எழுப்பக்கூடியவர் அங்கே வாழ்பவரே. அதனாலேதான் வாய்க்கால் நீரைக் குடித்தவர்களிடம் நின்று கேட்ட அந்த எளிய கேள்வி, மற்றெல்லா உத்திகளிலும் மேலானதென நான் கருதுகின்றேன்.

இன்று கையடக்கத் தொலைபேசியுள்ள ஒவ்வொருவரும் படமெடுக்கின்றனர். துன்பத்தின் காட்சிக்குக் குறைவே இல்லை. ஆகவே, ஏழையின் வாழ்வைப் பற்றி ஒரு செய்தியை வாசிக்கும்போதோ ஒரு படத்தைப் பார்க்கும்போதோ நேயர்களாகிய நீங்கள் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதிலே பேசுபவர் யார்? இதனால் ஆதாயம் பெறுபவர் யார்? நிவாரணம் வந்தபின் இவர்கள் இதே இடத்தில் இருப்பார்களா? இம்மூன்றுக்கும் நேரான விடை தருகின்ற செய்தியே நற்செய்தி. அந்த விடையைத் தேடும் வாசகர் பெருகினால், அதனை எழுதும் பத்திரிகையாளரும் பெருகுவர்.